விடியற்காலை 3 மணிக்குப் படிக்க முடிகிற கைக்கடிகாரம்

கைக்கடிகாரக் கடைகளில் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்து காட்டுகிறார்கள். கடிகாரத்தை மேசை விளக்குக்கு அடியில் சிறிது நேரம் பிடிக்கிறார்கள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் குகைபோலக் குவித்து, அதற்குள் அதை வைத்து, "கண்ணை ஒட்டிப் பாருங்கள் அம்மா, எப்படி எரிகிறது!" என்கிறார்கள். எரியத்தான் செய்கிறது, பச்சை நெருப்பாக. அதை நம்பி ஒரு முறை பணத்தைக் கொடுத்துவிட்டேன். அன்றிரவு 12 மணிக்கு அந்தக் கடிகாரம் என் கையில் வெறும் கறுப்பு வட்டமாகக் கிடந்தது.

"எத்தனை மணி நேரம் ஒளிரும்?" என்று கேட்டால் கடைக்காரர் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வார். விளக்கை அணைத்து எட்டு மணி நேரம் கழிந்த பிறகு, தூக்கத்திலிருந்து விழித்த கண்ணுக்கு முள் எங்கே நிற்கிறது என்று தெரியுமா, அதைத்தான் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குக் கடையில் பதில் கிடைக்காது. நான் ஒரு காபிப் பருவம் முழுவதும் கடிகாரங்களை இருட்டில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் காபி. எல்லாம் அரபிக்கா, சில்வர் ஓக் நிழல், மரத்துக்கு மரம் மிளகுக் கொடி. கணவர் இறந்த பிறகு ஒன்பது வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை பழம் பறிக்கும் காலம். பகலில் பறித்த பழத்தை அன்று மாலையே பல்ப்பரில் விட்டுத் தோலை நீக்கித் தொட்டியில் போடுவோம். கொட்டையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு புளித்துக் கரைய வேண்டும். அரபிக்காவுக்கு அதற்கு ஒரு நாளிலிருந்து ஒன்றரை நாள் பிடிக்கும். மார்கழிக் குளிரில் இன்னும் இழுக்கும். முடிந்துவிட்டதா என்பதைக் கைதான் சொல்லும். ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் அலசித் தேய்த்தால் கூழாங்கல்போலச் சரசரக்க வேண்டும். முந்திக் கழுவினால் வழவழப்பு ஒட்டிக்கொண்டே நிற்கும். பிந்தினால் புளித்த வாடை கொட்டைக்குள் ஏறிவிடும். வாங்க வருகிறவர் ஒரு கை அள்ளி முகர்ந்ததும் விலையைக் குறைப்பார். ஆகவே இரண்டாம் நாள் இரவு முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நான் தொட்டியில் கை விட்டாக வேண்டும்.

செல்போனில் அலாரம் வைத்தால் என்ன என்று என் மகள் கேட்டாள். பல்ப்பர் ஷெட்டை ஒட்டிய சிறிய அறையில் நானும் பழம் பறிக்க வரும் இரண்டு பெண்களும் படுக்கிறோம். நடுநிசியில் செல்போன் கத்தினால், நாள் முழுவதும் சரிவில் நின்று பறித்தவர்களின் தூக்கம் கெடும். ஒலியை அடைத்துவிட்டுத் திரையை மட்டும் பார்க்கலாம் என்றால், அந்த வெளிச்சம் கண்ணைக் குருடாக்கிவிடுகிறது. அதற்குப் பிறகு வாசலுக்கு வெளியே நிற்பது புதரா காட்டுமாடா என்று தெரியாது. ஏற்காட்டில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் பயம் இல்லை என்று தெரியும். டார்ச் எடுத்துக்கொண்டுதான் போகிறேன். ஆனாலும் கதவைத் திறந்ததும் விளக்கைப் போடாமல் ஒரு நிமிடம் நின்று, பார்த்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டு இறங்க வேண்டும் என்பது என் மாமனார் கற்றுக்கொடுத்த பழக்கம். அதற்கு இருட்டுக்குப் பழகிய கண் வேண்டும். போதாததற்கு, வழவழப்பு ஒட்டிய கையால் எடுத்து என் பழைய செல்போன் ஒன்று தொட்டிக்குள்ளேயே விழுந்து போயிற்று. விளக்கு வேண்டாத, கை படவேண்டாத, பார்த்த மாத்திரத்தில் மணி தெரிகிற ஒரு பொருள் எனக்குத் தேவைப்பட்டது.

நம் ஊரில் மினுங்குவது எல்லாமே ரேடியம்தான். லாரிக்குப் பின்னால் ஒட்டும் பட்டை ரேடியம். சைக்கிள் மட்கார்டில் இருப்பது ரேடியம். பைக்கில் பெயர் வெட்டி ஒட்டிக் கொடுக்கும் கடை ரேடியம் கடை. அவற்றில் எதிலும் ரேடியம் இல்லை. எதிரே வரும் வண்டியின் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் தாள் அது, வெளிச்சம் இல்லாவிட்டால் இருண்டு கிடக்கும். நானும் பழக்கத்தில் "ரேடியம் முள் இருக்கிற வாட்ச்" என்றுதான் கடையில் கேட்டேன். ஆனால் உண்மையிலேயே ரேடியம் உள்ள ஒன்று எங்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

அது மாமனாரின் டைம்பீஸ். ஐரோப்பாவில் செய்தது, எந்தத் துரையின் பங்களாவிலிருந்து அவர் கைக்கு வந்ததோ. எண்களும் முட்களும் காபிக் கறை பட்டதுபோல் பழுப்பாகிவிட்டன. தான் இளைஞனாக இருந்தபோது அது விடிய விடிய ஒளிரும் என்று அவர் சொல்லியிருக்கிறார். நான் மருமகளாக வந்த நாளிலிருந்து அது ஒரு நாளும் ஒளிர்ந்ததில்லை. புதிய கடிகாரம் வாங்கும் முன் இதையே சரிசெய்ய முடியுமா என்று பார்க்கச் சேலத்துக்கு எடுத்துப் போனேன். முதல் அக்ரகாரத்தில் ஒரு சந்துக்குள் பெரியவர் ஒருவர் கடிகாரம் பழுதுபார்க்கிறார். கண்ணில் செருகிய பூதக்கண்ணாடியோடு அதைப் பார்த்தவர், பின்மூடியில் கை வைக்காமலேயே என்னிடம் திருப்பித் தந்தார்.

"இதைத் திறக்கச் சொல்லாதீர்கள் அம்மா. ஒளிதான் போயிருக்கிறது, சரக்கு போகவில்லை" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. 1898இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டுபிடித்த பிறகு, அதைத் துத்தநாக சல்பைடோடு கலந்து கடிகார எண்களுக்குப் பூசத் தொடங்கினார்கள். ரேடியம் விடாமல் கதிர்களை வீசும். அவை மோதும்போது சல்பைடு ஒளிரும். வெயிலும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். ஆனால் அதே அடியை வாங்கி வாங்கிச் சல்பைடு சில வருடங்களிலேயே சோர்ந்துபோகிறது. ரேடியமோ பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 1,600 வருடம் ஆகும். எங்கள் டைம்பீஸ் இருண்டு பல காலம் ஆகிவிட்டது. அதன் ரேடியம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது.

அந்தப் பூச்சைப் பூசியவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஆரஞ்ச் என்ற ஊரில் இருந்த தொழிற்சாலையில், தூரிகையின் முனை கூராக இருக்க வேண்டும் என்று உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சிறிது ரேடியம் உள்ளே போயிற்று. எலும்பில் போய்த் தங்கிற்று. பற்கள் விழுந்தன, தாடை எலும்பு உளுத்தது. கிரேஸ் ஃபிரையர் என்ற பெண்ணும் அவருடன் நால்வரும் 1927இல் தொடுத்த வழக்கு அடுத்த வருடம் சமரசத்தில் முடிந்தது. இதைப் படித்த நாளிலிருந்து அந்த டைம்பீஸை நான் பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பதில்லை. கண்ணாடியும் மூடியும் பிரியாமல் இருக்கும்வரை உள்ளே உள்ள தூள் வெளியே வராது. உங்கள் வீட்டிலும் தாத்தா காலத்துக் கடிகாரம் இருந்து, எண்கள் தடித்துப் பழுப்பேறியிருந்தால், அழகுபடுத்துகிறேன் என்று திறந்து சுரண்டிவிடாதீர்கள்.

பெரியவர் கடையிலிருந்து இறங்கிப் பழைய பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். போகும் வழியில் இருந்த ஒரு கடையில்தான் அந்த முதல் கடிகாரத்தை வாங்கினேன். தட்டு முழுவதும் பச்சைப் பூச்சு, நடுவில் கறுப்பு முட்கள். உள்ளங்கைக் குகைக்குள் அது விளக்கைப்போல் இருந்தது. பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது சேலைத் தலைப்பால் மூடி மூடிப் பார்த்தேன். இருபது வளைவும் முடிந்து ஏற்காடு வந்து சேரும் வரை மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன். இரவு 9 மணிக்கு விளக்கை அணைத்தேன். பத்து நிமிடம் பிரமாதம். அரை மணியில் புகைபோல ஆயிற்று. 10 மணிக்கு வட்டம் தெரிந்தது, முள் தெரியவில்லை. 12 மணிக்கு எதுவும் இல்லை. மறுவாரம் போய்க் கேட்டபோது வெயிலில் வைக்கச் சொன்னார்கள். ஒரு பகல் முழுவதும் காபி உலர்த்தும் களத்தில் வைத்தேன். அன்றைக்கும் அதே கதை.

அதற்குக் காரணம் பூச்சு. தாமிரம் சிறிது கலந்த துத்தநாக சல்பைடு என்பது பழைய சரக்கு. கதிர் இல்லாமல், வாங்கிய வெளிச்சத்தை மட்டும் திருப்பித் தரும். முதல் வீச்சு பளிச்சென்று இருக்கும். பிறகு, கையில் காசு நிற்காதவர்போல, வாங்கியதை எல்லாம் உடனே செலவழித்துவிடும். ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் 1993இல் வேறொன்றைக் கண்டுபிடித்தது: ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்டில் யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் சிறிதளவு சேர்த்தது. ஒளி படும்போது கிடைக்கும் ஆற்றலை இது படிகத்துக்குள் இருக்கும் பொறிகளில் சிக்கவைத்துக்கொண்டு, சாதாரண வெப்பத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கிறது. பழையதைவிடப் பல மடங்கு நீண்ட நேரம் தாங்கும். கதிர்வீச்சு கிடையாது. லூமிநோவா என்று பெயர் வைத்தார்கள்; சுவிட்சர்லாந்தில் சூப்பர் லூமிநோவா என்று விற்கிறார்கள்; சீக்கோ தன் பூச்சை லூமிபிரைட் என்கிறது. வாங்கும்போது இந்தப் பெயர்களில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். "ரேடியம் இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் மேலும் கேளுங்கள்.

இரண்டாவது முறை அவசரப்படவில்லை. ஒரு மூட்டை பார்ச்மென்ட் காபி (கழுவி, மேல் உமியோடு உலர்த்திய கொட்டை) விற்ற பணத்தை எடுத்துக்கொண்டு போய் சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் வாங்கினேன். 2019இல் புதிதாக வந்த வரிசை, 42.5 மில்லிமீட்டர் அகலம், 100 மீட்டர் நீர்த்தாங்கும் திறன், பேட்டரி கிடையாது, கை அசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும். கழற்றி வைத்தாலும் ஏறக்குறைய 41 மணி நேரம் ஓடும். நேரம் நாளொன்றுக்கு 45 விநாடி முந்தவும் 35 விநாடி பிந்தவும் கூடும் என்று விவரக்குறிப்பிலேயே போட்டிருக்கிறார்கள். தொட்டிக்கு இரண்டு மணி நேர இடைவெளி பார்க்கிற எனக்கு விநாடிகள் பொருட்டே இல்லை.

கடையில் இருந்த இளைஞர் முதலில் என்னைப் பெண்களுக்கான அலமாரிக்குத்தான் அழைத்துப் போனார். இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அங்கிருந்த நூற்றுக்கு மேற்பட்ட கடிகாரங்களில் ஒளிப்பூச்சு இருந்தவை ஒரு கைவிரலுக்குள் அடங்கும். இருந்தவற்றிலும் முள்ளின் நடுவே நூல் அளவுக்கு ஒரு கோடு. எவ்வளவு நல்ல பூச்சாக இருந்தாலும், அளவு குறைந்தால் ஒளி குறையும். பரப்பும் வேண்டும், தடிப்பும் வேண்டும். இரவுப் பணி பார்க்கும் செவிலியர், விடியுமுன் பூக்கட்டுகிறவர்கள், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க எழும் தாய்மார்கள், இவர்களெல்லாம் இருட்டில் மணி பார்ப்பதில்லையா? "எனக்கு அழகு வேண்டாம் தம்பி, அகலமான முள் வேண்டும்" என்று சொல்லி ஆண்கள் பக்கம் போனேன். காபிக் காலத்தில் வளையல்களைக் கழற்றி வைத்துவிடுவேன், அதனால் பெரிய கடிகாரத்துக்குக் கையில் இடம் இருக்கிறது.

வாங்கும்போது நான் பார்த்தது முட்களையும் அடையாளங்களையும்தான். மணி முள்ளும் நிமிட முள்ளும் வேறு வேறு வடிவம். 12க்கு ஒரு வடிவம், 6க்கும் 9க்கும் வேறு, மற்றவற்றுக்கு வட்டம். இது முக்கியம். தூக்கக் கலக்கத்தில் கடிகாரத்தை எந்தப் பக்கம் பிடித்திருக்கிறோம் என்று தெரியாது. எல்லாம் ஒரே மாதிரிப் புள்ளிகளாக இருந்தால் இரண்டரைக்கும் எட்டரைக்கும் குழப்பம் வரும்.

அதனுடன் வந்த சிறு ஏட்டை உட்கார்ந்து படித்தேன். 500 லக்ஸுக்கு மேற்பட்ட வெளிச்சத்தில் 10 நிமிடம் வைத்தால் 3 முதல் 5 மணி நேரம் ஒளிரும் என்று எழுதியிருக்கிறது. எந்தக் கடைக்காரரும் இவ்வளவு குறைவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அதனாலேயே அந்த ஏட்டின் மேல் மதிப்பு வந்தது. நல்ல வெயில் 1,00,000 லக்ஸ், மேகமூட்டம் 10,000, மழை நாளில் வீட்டுச் சன்னலோரம் 1,000க்கும் கீழே என்று கணக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் தொட்டி இரவில் எனக்கு ஏமாற்றம்தான். 2 மணிக்கு எழுந்து ஷெட்டில் விளக்கைப் போட்டுத் தொட்டியைப் பார்த்துவிட்டு, விளக்கை அணைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இதுவும் போயிற்றா என்று வயிறு கலங்கியது. படுத்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. அரை மணி நேரம் இருட்டில் கிடந்து தற்செயலாகக் கையைத் திருப்பினால், முட்கள் தெரிகின்றன! ஒளி கூடவில்லை, என் கண்தான் இருட்டுக்குத் திரும்பியிருந்தது.

இது இந்த விஷயத்தில் பாதி. கண்ணின் விழித்திரையில் பகலுக்குக் கூம்புச் செல்கள், இரவுக்குக் கோல் செல்கள். கோல் செல்கள் முழு வலிமைக்கு வர 20 முதல் 30 நிமிடம் இருட்டு வேண்டும்; வயது ஏற ஏற இன்னும் தாமதமாகும், எனக்கு 54. ஒரு விநாடி வெள்ளை விளக்கு பட்டால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தூங்கி விழிக்கும் கண் ஏற்கெனவே பழகிய கண், அதனால்தான் படுக்கையில் விழித்தவுடன் மங்கிய கடிகாரம்கூடத் தெளிவாகத் தெரிகிறது. இன்னொன்று: பார்வையின் நட்டநடுவில் கோல் செல்கள் கிடையாது. முள்ளை உற்றுப் பார்த்தால் மறையும், சற்றுப் பக்கத்தில் பார்த்தால் தெரியும். மங்கலான நட்சத்திரத்தை ஓரக்கண்ணால் பிடிப்பதுபோல. அவற்றுக்குப் பச்சையும் நீலப்பச்சையும்தான் நன்றாகத் தெரியும், இந்தப் பூச்சுகளின் நிறமும் அதுதான்.

பூச்சு குறையும் விதமும் கண்ணுக்குச் சாதகமாக இருக்கிறது. ஏறத்தாழச் சொன்னால், கழிந்த நேரம் இரட்டிப்பாகும்போது ஒளி பாதியாகிறது. முதல் நிமிடத்தில் இருந்தது இரண்டாம் நிமிடத்தில் பாதி, நான்காம் நிமிடத்தில் கால். கடையில் காட்டுகிற அந்தப் பச்சை நெருப்பு இப்படித்தான் கண் முன்னே கரைந்துபோகும். ஆனால் நான்காம் மணியிலிருந்து எட்டாம் மணிக்குப் போகவும் அதே ஒரு பாதிதான். ஆரம்பத்தில் தலைகுப்புற விழுகிறது, பிறகு நிதானமாக நடக்கிறது. அந்த நிதான நடையில் எத்தனை மணி வரை கண்ணுக்கு எட்டும் அளவில் நிற்கிறது என்பதில்தான் நல்ல பூச்சும் மோசமான பூச்சும் பிரிகின்றன.

பொங்கலுக்கு அக்கா மகன் வந்தான். கப்பலில் வேலை செய்கிறவன். அவன் கையில் ட்ரிட்டியம் கடிகாரம். எண்களுக்குப் பதில் அரிசி போன்ற சிறு கண்ணாடிக் குழாய்கள். உள்ளே ட்ரிட்டியம் வாயு, குழாயின் உட்சுவரில் ஒளிப்பூச்சு. வாயு வீசும் மெல்லிய கதிர் பூச்சை ஒளிரவைக்கிறது. கண்ணாடியைத் தாண்டி வெளியே வர அதற்கு வலு இல்லை. சுவிட்சர்லாந்தின் எம்பி-மைக்ரோடெக் நிறுவனம் செய்யும் குழாய்கள் என்று சொன்னான். "சித்தி, இதற்கு வெயில் காட்டவே வேண்டாம்" என்றான். அப்படியானால் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்ப்போம் என்று சொன்னேன்.

மூன்று கடிகாரங்களையும் வீட்டு எல்இடி விளக்கின் கீழ் பத்து நிமிடம் வைத்து, 8 மணிக்கு அணைத்தோம். நீருக்குள் மூழ்கி வேலை செய்பவர்களுக்கான கடிகாரத்தை இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து படிக்க முடிய வேண்டும் என்று சர்வதேசத் தரவிதி இருக்கிறது. ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல். அந்தத் தூரத்தையே வைத்துக்கொண்டோம். 8 மணி 5 நிமிடத்துக்கு சீக்கோ கொழுந்துவிட்டு எரிகிறது, பஸ் நிலையத்துக் கடிகாரமும் அதற்குச் சளைக்கவில்லை. ட்ரிட்டியம் சோகையாக மூன்றாம் இடம். 9 மணிக்குப் பஸ் நிலையத்துக் கடிகாரம் போட்டியிலிருந்து விலகியது. 10 மணி வாக்கில் சீக்கோவும் ட்ரிட்டியமும் சமம். 2 மணிக்கு ட்ரிட்டியம் தெளிவாக முன்னே. சீக்கோ நீறு பூத்த நெருப்பு. 5 மணிக்கு அக்கா மகன் எழுந்திருக்கவில்லை, நான் மட்டும் பார்த்தேன். ட்ரிட்டியம் 8 மணிக்கு இருந்த அதே நிலை. சீக்கோவில் பெரிய வட்டங்கள் நீர்த்த மோர்போல. ஆனால் இரண்டு முட்களும் எங்கே என்று ஒரு சாண் தூரத்தில் சந்தேகமில்லாமல் தெரிந்தது. ஒன்பது மணி நேரம். ஏடு சொன்னதைவிட அதிகம், என் தேவைக்கு நிறைவு.

இதற்கு நேர்மாறாகவும் ஓர் இரவு ஆயிற்று. தை மாதத்தில் மூன்று நாள் விடாத மூடுபனி. நான் காலையிலிருந்து ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்தேன். அன்றிரவு 11 மணிக்கே சீக்கோ மங்கிவிட்டது. யோசித்துப் பார்த்தால் தவறு என்னுடையது: நாள் முழுவதும் கடிகாரம் கம்பளிக் கைக்குள் இருந்திருக்கிறது, வெளிச்சம் அதன்மேல் பட்டதே இல்லை. மலைப்பக்கத்தில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இப்போது மாலையில் பழம் அளக்கும்போது இடக்கை ஸ்வெட்டரை முழங்கை வரை ஏற்றிவிடுகிறேன். படுக்கப் போகும்முன் எல்இடி விளக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் சில நிமிடம் பிடிக்கிறேன். பழைய மஞ்சள் குண்டு பல்பு இதற்கு அவ்வளவாக உதவாது. இந்தப் பூச்சை ஏற்றுவது நீலமும் அதற்கு அப்பாலுள்ள புற ஊதாவும்தான். வெள்ளை எல்இடியில் நீலம் நிறைய இருக்கிறது. பெரியவர் தன் கடையில் கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா டார்ச்சை ஒரு முறை அடித்துக் காட்டினார். சில விநாடிகளில் நிரம்பிவிட்டது.

கடையில் பகல் வெளிச்சத்தில் பார்க்கும்போதே ஒரு குறிப்பு கிடைக்கும். அடையாளங்கள் லேசான இளம்பச்சை சாயலில் இருந்தால் நல்லது. சூப்பர் லூமிநோவாவில் சி3 என்பது அந்த வகை. பகலில் சுத்த வெள்ளையாகத் தெரியும் சி1 அதைவிட மங்கல். வெள்ளைக்காக ஒளியை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

பொத்தானை அழுத்தினால் தட்டு ஒளிரும் கடிகாரங்களும் உண்டு. டைமெக்ஸ் 1992இல் கொண்டுவந்த இண்டிக்ளோ அந்த வகை. படிப்பதற்கு அவ்வளவு தெளிவு வேறெதிலும் இல்லை. ஆனால் இன்னொரு கை வேண்டும், என் இன்னொரு கை தொட்டிக்குள் இருக்கும்.

பழுதுபார்க்கும் பெரியவர் கடைசியாக ஒன்று சொன்னார். இந்தப் புதிய பூச்சுக்கு எதிரி வயது இல்லை, ஈரம். கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்கினால் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் சிதைந்து கறுத்துவிடும், அதன்பின் எத்தனை வெயில் காட்டினாலும் பயன் இல்லை. "நீங்கள் தண்ணீரில் கிடக்கிறவர்கள், வாஷரை மட்டும் காலாகாலத்தில் மாற்றிவிடுங்கள்" என்றார். பருவமழைக்கு முன் ஆனியில் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஊருக்குக் கிளம்பும்போது அக்கா மகன் தன் கடிகாரத்தைக் கழற்றி, "நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் சித்தி, உங்களுக்குத்தான் இது உபயோகம்" என்று நீட்டினான். அவன் மனது பெரிது. இரவு இரவாகப் பார்த்தால் அவனுடையதுதான் சிறந்தது, நான் மறுக்க மாட்டேன். காட்டில், கடலில், வெயிலே காணாத இடத்தில் வேலை செய்கிறவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும். ஆனால் ட்ரிட்டியம் 12.3 வருடத்தில் பாதியாகிவிடும். எனக்கு 66 வயதாகும்போது, கண்ணுக்கு இன்றைவிட அதிக ஒளி தேவைப்படுகிற அந்தக் காலத்தில், அது பாதி ஒளியோடு நிற்கும். என் சீக்கோவின் பூச்சு அன்றைக்கும் மாலை வெயிலைக் காட்டினால் இன்றைக்குப்போலவே நிரம்பிக்கொள்ளும். அதைச் சொல்லி அவன் கையிலேயே கட்டிவிட்டேன்.

மாசி முதல் வாரத்தில் இந்தப் பருவத்தின் கடைசித் தொட்டி. ஓரக்கண்ணால் மணி பார்த்து எழுந்தேன், வாசலில் ஒரு நிமிடம் நின்றேன், இறங்கிப் போய்க் கை விட்டேன். சரசரத்தது. பெண்களை எழுப்பித் தண்ணீரைத் திறந்துவிட்டபோது மணி 4:20.